துருப்பிடித்த பழைய காரை வீட்டிலேயே மீட்டு வண்ணம் பூசுவது: முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்றை இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தியதும் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" அதற்கு ஓராண்டு கழித்துப் பதில் சொன்னால் போதும். கலர் அடிப்பது இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளுக்கு முன்னால் தகடு வேலை, தேய்ப்பு வேலை என்று மாதக்கணக்கில் கிடக்கிறது. என் முதல் காரில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பளபளவென்று சிவப்பு அடித்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கதவின் கீழ் விளிம்பில் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. பெயிண்டில் குறை இல்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் பழைய மண்ணால் அடைத்துக் கிடந்ததை நான் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே புகுந்தது, எங்கே தேங்கியது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கடலோரத்தில் ஓடிய வண்டியும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டியும் சீக்கிரம் இற்றுப்போவது அதனால்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயிண்டை அடியிலிருந்து தூக்குவது அந்த வீக்கம்தான். பெரும்பாலும் அரிப்பு தகட்டின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வருகிறது. வெளியில் நகக்கண் அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோட்டம்

ஒரு சிறிய சுத்தியல், மொட்டையான ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணி சுற்றிய காந்தம், டார்ச். இவ்வளவு போதும். பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் 500, 1000 என்று காட்டினால் அங்கே யாரோ பட்டி அப்பி மூடியிருக்கிறார்கள். காந்தமும் அதே கதையைச் சொல்லும்: தகட்டில் சப்பென்று ஒட்டும், தடித்த பட்டிமேல் வழுக்கி விழும்.

சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்றது மந்தமாகச் சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். உள்ளே போனால் அது தகடு இல்லை, பெயிண்ட் பிடித்து வைத்திருக்கும் தூள்.

எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தண்ணீரே சொல்லும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை (பீடிங்) வழியாகக் கசிந்த நீர் முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளில் நிற்கும். அங்கிருந்து வழிந்து, கால்மிதிக்கு அடியில் உள்ள தரைத்தகட்டில் கார்பெட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். கதவுக் கண்ணாடியை ஒட்டி இறங்கும் நீர் கதவின் அடிமடிப்பில் சேரும். சக்கரம் வாரியடிக்கும் சேறு சக்கர வளைவின் உள்மடிப்பில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் நீளப் பெட்டி இருக்கிறதே, சில் என்பார்கள், அது இந்த எல்லா நீருக்கும் கடைசித் தொட்டி. பேட்டரித் தட்டில் அமிலமும் சேர்ந்து தின்றிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியில் கசிந்த நீர் குளமாக நிற்கும்.

வெளித்தகடு இற்றிருந்தால் அது பணமும் நேரமும். சில், சேஸிஸ் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சீட் பெல்ட் பூட்டும் இடங்கள் இற்றிருந்தால் அது உயிர். இவற்றில் வெல்டிங் கைபழகாதவர் சோதனை செய்து பார்க்கக்கூடாது. அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டில் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனி சேஸிஸ் இல்லாமல் பாடியே எலும்புக்கூடாக இருக்கும் கார்களில் இது இன்னும் முக்கியம். அவற்றில் சில்தான் வண்டியின் முதுகெலும்பு.

கைவைக்கும் முன்

காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி அடியில் படுக்காதீர்கள். கெட்டித் தரை, நாலு ஸ்டாண்டு, ஸ்டாண்டு உட்காரும் இடம் இற்றுப்போகாத உலோகம். மூன்றும் இருந்தால்தான் கீழே போக வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். பெட்ரோல் டாங்க் காலியாக இருக்கிறதே என்று அப்படியே விடுவது பெரிய ஆபத்து. நிறைந்த டாங்கைவிட, ஆவி நிரம்பிய காலி டாங்க்தான் வெடிக்கும். வெல்டிங், கிரைண்டிங் உள்ள வேலை என்றால் டாங்கை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் லைனிங்கிலும் சில ஒலித்தடுப்புப் பட்டைகளிலும் கல்நார் இருக்கலாம். இரண்டையும் காய்ந்த தூசியாகப் பறக்கவிடக்கூடாது. நுண்துகள் வடிகட்டும் பி100 முகமூடி போடுங்கள், தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

கழற்றுவது ஒரு கலை

போட்டோ எடுங்கள். எடுத்தது போதும் என்று தோன்றும்போது இன்னும் பத்து எடுங்கள். கழற்றும் நட்டு போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு, எந்த இடத்திலிருந்து வந்தவை என்று காகிதத்தில் எழுதி உள்ளேயே வையுங்கள். பை மேல் மார்க்கரில் எழுதியது தின்னர் பட்டால் அழிந்துவிடும்; இதை நான் கண்ணீரோடு கற்றேன்.

துருப்பிடித்த போல்ட்டை எடுத்தவுடன் திருகினால் தலை முறிந்துவிடும். கம்பிப் பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். பிடிவாதம் பிடிப்பதற்குச் சூடு காட்டலாம். ஆனால் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ரப்பர் அருகில் வேண்டாம்.

இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டிய, பலரும் மறக்கும் ஒரு வேலை: கதவு, பானட், டிக்கி ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து எழுதி வைப்பது. ஒவ்வொரு கதவுக்கும் மேலே, நடுவில், கீழே என்று மில்லிமீட்டர் கணக்கில். வெல்டிங் முடிந்த பிறகு பாடி முறுக்கிக்கொண்டதா என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

துருவை எடுப்பது

எந்த முறை நல்லது என்று கேட்டால், எந்த உதிரிக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பெரிய, திறந்த தகடுகளுக்குக் கிரைண்டரில் மாட்டும் நார்வட்டு போதும். பெயிண்டையும் மேல்துருவையும் உரித்துவிடும், தகட்டை அதிகம் தின்னாது. பின்னல் கம்பிப் பிரஷ் தடித்த சேஸிஸுக்கு. கம்பித் துண்டு பிய்ந்து தோட்டா மாதிரி வரும், முகக் கவசம் கட்டாயம். கிரைண்டிங் கல்லை மெல்லிய தகட்டில் தொடவே வேண்டாம். சூட்டில் தகடு நெளியும், கூடவே நல்ல இரும்பும் போகும்.

மணலடிப்பு சேஸிஸ், சஸ்பென்ஷன் கைகள், சக்கரங்களுக்கு அருமையானது. பானட், கூரை, கதவுத் தோல் போன்ற அகன்ற மெல்லிய தகடுகளுக்கு அது எமன். துகள் அடித்து மேல்பரப்பு விரிந்து, தகடு அலை அலையாகிவிடும். பிறகு எவ்வளவு பட்டி போட்டாலும் நேராகாது. வெளியில் கொடுத்து அடிப்பதானால், எந்தெந்தத் தகட்டில் அடிக்கக்கூடாது என்று சாக்பீஸால் எழுதிக் கொடுங்கள். வீட்டில் அடித்தால் சிலிக்கா மணல் வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் தரும்.

சின்ன உதிரிகளுக்கு எனக்குப் பிடித்தது மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, உதிரியைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும் (−), ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் (+) மாட்டித் தொங்கவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரவு போட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாகி, பிரஷுக்கு வந்துவிடும். முனைகளை மாற்றி மாட்டினால் உங்கள் உதிரிதான் கரையும், அதனால் இரண்டு தடவை பாருங்கள். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது; நச்சுத்தன்மை மிகுந்த குரோமியம் நீரில் இறங்கும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும், எனவே திறந்த வெளியில் வையுங்கள், சார்ஜரை நிறுத்திவிட்டு முனைகளைக் கழற்றுங்கள். அலுமினிய உதிரியை இதில் போட்டால் சோடாவே அதைத் தின்றுவிடும். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் ஆகியவற்றையும் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவை நொறுங்கும் தன்மை பெறும்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றிகள் துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் கலந்தவை கறுப்பு நிறச் சேர்மமாகவும் மாற்றும். குழிக்குள் ஒளிந்திருக்கும் துருவுக்கு இவை உதவும். செதிலாக உரியும் துருவின் மேல் ஊற்றிவிட்டு "எல்லாம் மாறிவிட்டது" என்று நம்புவதுதான் தவறு. செதிலின் அடி அப்படியே இருக்கும். இன்னொன்று, அமிலத்தின் மிச்சம் இருக்கும் தகட்டில் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு சரியாக ஒட்டாமல் போகலாம். எபாக்ஸி அடிக்கப் போகிறீர்கள் என்றால் அமிலத்தை அதன் குறிப்புத்தாளில் சொன்னபடி முழுக்கக் கழுவி, காயவைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள்.

சுத்தமான தகடு வெளியே தெரிந்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரப்பதம் மிகுந்த நாளில் சில மணி நேரத்திலேயே செம்பழுப்புத் துருப்படலம் படியும். வெறும் கையால் தொட்டாலும் விரல்ரேகை வடிவில் துரு வரும். அதனால் முழு வண்டியையும் ஒரே மூச்சில் உரிக்காதீர்கள். அன்று உரிப்பதற்கு அன்றே பிரைமர், அவ்வளவுதான் கணக்கு.

வெட்டி ஒட்டும் வேலை

ஓட்டை விழுந்த இடத்தில் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூடலாம், ஓராண்டு இருக்கும். அதற்கு அடியில் துரு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

துரு தெரியும் இடத்தைத் தாண்டிக் குறைந்தது 2 சென்டிமீட்டர், பளபளக்கும் நல்ல உலோகம் வரும்வரை வெட்டுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டினால் சூடு ஒரே இடத்தில் சேராது. கெட்டி அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதைத் தகட்டில் வரைந்து வெட்டுங்கள். பழைய கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கும். ஒட்டும் துண்டும் அதே தடிமனில் இருக்கட்டும்.

மெல்லிய தகட்டுக்கு, கம்பி தானாக ஓடிவரும் மிக் (MIG) வெல்டர்தான். 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த வாயு. வாயு இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பியில் சூடு அதிகம், ஓட்டை விழும். துண்டை விளிம்போடு விளிம்பு சேர, நடுவில் அரை மில்லிமீட்டர் சந்து விட்டு வைத்து, புள்ளி புள்ளியாகப் பற்றவையுங்கள். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம், அதற்கடுத்தது இன்னொரு மூலை. ஒரு புள்ளி வைத்த இடத்தைக் கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகே பக்கத்துப் புள்ளி. நீளமாகக் கோடு இழுத்தால் தகடு சுருங்கி நெளிந்துவிடும், அதை எடுக்க மூன்று நாள் ஆகும். அரை மணி நேரப் பொறுமையை மிச்சம் பிடித்து மூன்று நாளைத் தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு.

ஒரு தகட்டை இன்னொன்றின் மேல் ஏற்றி வைத்து ஒட்டுவது சுலபம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நீர் உறிஞ்சும் சந்து உண்டாகிறது. தவிர்க்க முடியாத இடத்தில் இடைப்பகுதியில் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் அடித்து, பிறகு விளிம்பைச் சீலர் என்ற சந்தடைக்கும் பசை வைத்து அடையுங்கள்.

சில் மாற்றும்போது கதவுத் துவாரத்துக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகே பழையதை வெட்டுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்யும், கதவு மூடாது. ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகு மறுபக்கம். புதுத் துண்டைப் பிடித்திருக்கும் நாலைந்து புள்ளிகளோடு கதவை மாட்டி, நீங்கள் எழுதி வைத்த இடைவெளித் தாளைப் பாருங்கள். ஒத்துவந்தால்தான் முழு வெல்டிங்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகும். அந்த டப்பாவையே வெல்டிங் இடத்திலிருந்து தூர வையுங்கள். வேலை முடிந்ததும் எங்காவது தீப்பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது ஷெட்டில் இருங்கள். தாரும் ஒலித்தடுப்பும் மறுபக்கம் புகைந்துகொண்டிருக்கும்.

பிரைமர், பட்டி, தேய்ப்பு

இதுதான் நீண்ட பாதை. இங்கே நீங்கள் விடுவதெல்லாம் கடைசியில் பளபளப்பில் தெரியும்.

தகட்டை மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். கையில் இரண்டு துணி: ஒன்று நனைந்தது, மற்றொன்று காய்ந்தது. நனைந்ததால் துடைத்து, அது தானாகக் காய்வதற்குள் காய்ந்ததால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் அழுக்கு இடம் மாறியிருக்கும், போயிருக்காது. பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். சாதாரண ஒற்றைக்கலவைப் பிரைமர்கள் ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸி நீரை நன்றாகத் தடுக்கும். துருப்பிடித்த வண்டிக்கு நான் வேறு எதையும் யோசிப்பதில்லை.

சுத்தியலும், தகட்டின் பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டையான டாலியும் கொண்டு ஒடுக்கைத் தட்டி எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சின்ன ஏற்ற இறக்கத்துக்குத்தான் பட்டி. 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் திரும்பப் போய்த் தகட்டைத் தட்டுங்கள். பட்டியை நேரடியாகத் தகட்டில் போடுவதா, எபாக்ஸிமேல் போடுவதா என்று பெயிண்டர்கள் விடிய விடிய வாதிடுவார்கள். எபாக்ஸியை 80 நம்பரால் கீறிவிட்டு அதன்மேல் போடுவதே என் வழக்கம். பட்டி ஸ்பாஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும்; அதற்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கட்டும்.

பட்டியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். கூடினால் பின்னாளில் மேல் பெயிண்டில் கறை எழும்பும், குறைந்தால் உள்ளே காயாது. கிண்டாமல், பரப்பி மடித்துப் பரப்பிக் கலந்தால் காற்றுக் குமிழி வராது. கலந்தபின் நாலைந்து நிமிடம்தான் அவகாசம். காய்ந்ததும் 80, 120, 180 என்று நீளக் கட்டையில் தாளைச் சுற்றிக் குறுக்கும் மறுக்குமாகத் தேயுங்கள். வெறும் கையால் தேய்த்தால் விரல் பள்ளம் விழும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. அடியில் புதைத்த அந்தத் தண்ணீர்தான் ஒரு வருடம் கழித்துக் கொப்புளமாக வெளியே வருகிறது.

மடிப்பு, ஓரம், இணைப்புகளில் எபாக்ஸிமேல் சீலர் இழுங்கள். பிறகு தடித்த நிரப்புப் பிரைமர் இரண்டு மூன்று கோட். அது காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்பிரேயை மூடுபனி மாதிரி லேசாகத் தூவி, 320 அல்லது 400 நம்பர் தாளைக் கட்டையில் வைத்துத் தேயுங்கள். மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கறுப்பு எல்லாம் போகும்வரை தேய்ப்பு, தேவையானால் மறுபடி பிரைமர், மறுபடி கறுப்பு. இந்தச் சுற்றை ஒரு காரில் நான் நாலு முறை செய்திருக்கிறேன். நேராகிவிட்டதா என்று கண் சொல்லாது, உள்ளங்கை சொல்லும். மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் கையை வைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கடைசித் தேய்ப்பு 600 நம்பர். மெட்டாலிக் கலர் என்றால் 800 வரை போங்கள். மெட்டாலிக் சின்னக் கீறலையும் காட்டிக் கொடுக்கும்.

எந்தப் பெயிண்ட்

மோட்டார் காரின் ஆரம்ப நாள்களில் வார்னிஷ் வகைப் பூச்சுகள் காய வாரக்கணக்கில் ஆயின. ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1924 மாடல் ஓக்லண்ட் கார்களில் வந்தபோது நிலைமை மாறியது: வேகமாகக் காய்ந்தது, பல நிறங்களில் கிடைத்தது. உங்கள் கார் அந்தக் காலத்தது என்றால் இந்தச் செல்லுலோஸ் லாக்கர் அதற்குப் பொருத்தமான மென்மையான பளபளப்பைத் தரும். வீட்டில் அடிக்கவும் அது எளிது. தவறினால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். ஆனால் கோட் அதிகம் வேண்டும், தீப்பிடிக்கும் தன்மை அதிகம், ஈரமான நாளில் வெளுத்துப்போகும், வெயிலில் மங்கும்.

இன்று பெரும்பாலோர் போவது டூகே (2K) பக்கம்: ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேன். கெட்டியானது, பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். பழைய கார்களின் வெற்று நிறங்களுக்கு, தனி கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) இல்லாத ஒற்றைக்கட்ட டூகே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பேஸ் என்ற நிறப்பூச்சும் அதன்மேல் கிளியரும் அடித்த 1960-களின் கார் சில சமயம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மினுங்கும். மெட்டாலிக் என்றால் பேஸ், கிளியர் முறைதான் நல்லது.

டூகேயில் ஒரு பெரிய ஆனால். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா வரலாம். ஆபத்தான அளவிலும் அது மணக்காது என்பதால், கரி வடிகட்டி முகமூடி தீர்ந்துபோனதை உங்கள் மூக்கு எச்சரிக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று செலுத்தும் முகமூடி, முழு உடுப்பு, நைட்ரைல் கையுறை, கண்மூடி ஆகியவை இல்லாமல் டூகே தெளிக்காதீர்கள். டூகே ஸ்பிரே டப்பாவுக்கும் இதே விதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருள்களைத் தொழிலில் பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் இவ்வளவும் முடியாது என்றால், எபாக்ஸி, பட்டி, தேய்ப்பு வரை நீங்கள் செய்துவிட்டு, கடைசிக் கலரை மட்டும் பெயிண்ட் அடிக்கும் தனி அறை (பூத்) உள்ளவரிடம் அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய பெயிண்டின் மேலேயே அடிப்பதானால், தின்னர் நனைத்த துணியை ஒரு மறைவான இடத்தில் வைத்துப் பாருங்கள். கரைந்து வந்தால் லாக்கர், சுருங்கினால் எனாமல், அசையாவிட்டால் டூகே. எனாமல் மேல் செல்லுலோஸ் அடித்தால் மொத்தமும் சுருக்கம் விழுந்து எழும்.

தெளிக்கும் நாள்

கம்ப்ரஸர்தான் பலரை ஏமாற்றும். நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளித் தெளிக்கும் எச்.வி.எல்.பி. கன் பொதுவாக நிமிடத்துக்கு 250 முதல் 400 லிட்டர் காற்று குடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரஸரில் பாதிக் கதவிலேயே அழுத்தம் விழுந்துவிடும். அப்படியானால் குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன் பாருங்கள். நீர்பிடிப்பானைக் கம்ப்ரஸரில் மாட்டாமல் குழாயின் கடைசியில், கன்னுக்கு அருகில் மாட்டுங்கள். சூடான காற்று குழாயில் ஆறிய பிறகுதான் நீர் பிரியும். நாசில் கலருக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4, நிரப்புப் பிரைமருக்கு 1.7 அல்லது 1.8 மில்லிமீட்டர். விசையை அழுத்திய நிலையில் கன்னில் 2 பார் அளவு.

ஷெட்டின் சுவர், கூரை எல்லாம் பிளாஸ்டிக் விரிப்பு கட்டி, காற்று உள்ளே வரும் பக்கம் வடிகட்டி வையுங்கள். சாதாரண மின்விசிறியின் மோட்டார் வழியாகக் கரைப்பான் ஆவியை வெளியேற்றக்கூடாது. பொறி பட்டால் போதும். நல்ல காற்றை உள்ளே தள்ளி, மறுபக்கத் திறப்பில் தானாக வெளியேறவிடுவது பாதுகாப்பு. அடுப்பு, ஹீட்டர், திறந்த தீ எதுவும் அருகில் இருக்கக்கூடாது. செய்தித்தாளால் மறைக்காதீர்கள், மையும் நாரும் பெயிண்டில் வரும்.

தகட்டின் வெப்பம் 20 டிகிரி சுற்றி இருந்தால் சுகம். வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரும், குளிரில் வேகமானதும் வாங்குங்கள். ஒரே கலரில் மூன்று டப்பா இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்துவிடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் நிறம் நூலிழை மாறும்.

முதலில் கதவு உள்விளிம்பு, பானட் அடிப்பக்கம் போன்ற மறைவிடங்கள். அவை காய்ந்த பிறகு வெளிப்புறம். கூரையில் தொடங்கி ஒரு பக்கமாக இறங்கிச் சுற்றி வாருங்கள். கன் தகட்டிலிருந்து ஒரு சாண், 15 முதல் 20 சென்டிமீட்டர். மணிக்கட்டை வீசாதீர்கள், கை முழுதும் தகட்டுக்கு இணையாக நகரட்டும். ஒவ்வொரு வரியும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். தகடு தொடங்கும் முன் விசையை அழுத்தி, தாண்டிய பிறகு விடுங்கள். கோட்டுக்குக் கோட் 10, 15 நிமிட இடைவெளி. துல்லியமான நேரம் பெயிண்டின் குறிப்புத்தாளில் இருக்கும், அதை மதியுங்கள். முதல் கோட் லேசாக, அடுத்த இரண்டும் ஈரமாக. இதையெல்லாம் காரில் கற்காதீர்கள். ஒரு பழைய கதவைச் சுவரில் சாய்த்து அதில் ஒரு லிட்டர் செலவழியுங்கள்.

வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகினால் அது மீன்கண். அங்கே சிலிக்கானோ எண்ணெயோ இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்தால் பெயிண்ட் கெட்டி, அழுத்தம் குறைவு, அல்லது கன் தூரம். வழிந்துவிட்டால் தொடாதீர்கள். ஈரத்தில் துடைக்கப் போய் அரைக் கதவைக் கெடுத்தவர்கள் ஏராளம். முழுக்கக் காய்ந்ததும் பிளேடால் சீவி, கட்டையில் 1000 நம்பர் தாளால் தேய்த்தால் தடம் தெரியாது. கொசு விழுந்தாலும் இதே வைத்தியம்தான்.

பாலீஷும் அதற்குப் பிறகும்

ஓரிரு நாள் கழித்து 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு (தேய்ப்புப் பசை) போட்டு பாலீஷ் இயந்திரம் ஓட்டுங்கள். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியது, மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நடுவில் மட்டும் தேயுங்கள். மெழுகை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். புதுப் பெயிண்டுக்குள்ளிருந்து கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும்.

பளபளப்பைப் பார்த்து மயங்கி நின்றுவிடாதீர்கள், வண்டியைக் காப்பாற்றும் வேலை இப்போதுதான். நீண்ட குழாய் மாட்டிய கன்னால் சில், கதவு அடி, சேஸிஸ் பெட்டிகளுக்குள் திரவ மெழுகு தெளியுங்கள். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்துபோன இடம் அது. மறுபடி உங்கள் கண்ணில் படவே போவதில்லை. வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் கம்பி விட்டு, சீலரோ மெழுகோ பெயிண்டோ அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். அடியில் கெட்டித் தார் பூசும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது காய்ந்து வெடித்தால் வெடிப்பு வழியே போன நீர் வெளியே வராது. பீடிங் ரப்பர்கள் எல்லாம் புதிது போடுங்கள். இத்தனை மாதம் உழைத்துவிட்டுப் பழைய ரப்பரை மாட்டினால், நீர் நுழைந்த அதே வாசலைத் திறந்து வைத்ததாகிவிடும்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று ஒரு குவளை தண்ணீர் எடுத்து, கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மெதுவாக ஊற்றுங்கள். குனிந்து கதவின் அடியைப் பாருங்கள். ஊற்றிய நீர் சில நொடிகளில் வடிகால் ஓட்டை வழியாகச் சொட்டத் தொடங்க வேண்டும். சொட்டாத கதவைத் திரும்பக் கழற்றுங்கள்.